இரண்டாம் எதிரி

நிருபதுங்கா ரோடு, மூன்றாம் மாடி.
டவாலி கூப்பிடும்போது என் பேர்
ஒரு எழுத்து உதிர்ந்து வரும்:
வையாபுரி, வைபுரியாக.
பின்னாலேயே இஞ்ஞாசி.
அந்தப் பேரை இங்கே எவரும் சரியாகச் சொன்னதில்லை.
ஆனாலும் முதல் கூப்பாட்டிலேயே எழுந்து
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான்,
கோயில் மாதிரி.

ஓசூர் வக்கீல் சொன்னார்:
"இங்கே ஆரோப்பி என்பார்கள். நம்ம பக்கத்துக் கோர்ட்டில் எதிரி.
நீங்க முதல் எதிரி, இவர் இரண்டாம் எதிரி."
யாருக்கு எதிரி என்று நான் கேட்கவில்லை.
இஞ்ஞாசி கேட்டான்.
வக்கீல் கட்டை அவிழ்த்து
வேறு ஏதோ காகிதம் தேடினார்.

ஆறு வருஷ லேலண்ட்.
நாலாவது தவணையும் நின்றபோது
ஃபைனான்ஸ்காரன் கலாசிபாளையம் ஆபீசுக்கு வந்து
ஒன்றும் பேசாமல் டீ குடித்துவிட்டுப் போனான்.
அந்த டம்ளரைக் கழுவும்போதுதான் யோசனை வந்தது.

ராயக்கோட்டை தாண்டி ஒரு கொட்டகை.
வண்டி உள்ளே போனால்
டயர் தனி, கியர்பாக்ஸ் தனி, கதவு தனி.
ஒன்பதாம் தேதி ராத்திரி திருட்டு என்று புகார்.
"சாப்பிடப் போனேன் சார், திரும்பி வந்தா வண்டியில்ல."
இரண்டே வாக்கியம்.
இஞ்ஞாசிக்கு வராது. பொய்யில் பழக்கமில்லாத நாக்கு.
காலி ஷெட்டில் நிற்கவைத்து
இருபது தடவை சொல்லவைத்தேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன்.
பிள்ளைக்குப் பள்ளிக்கூட பூட்ஸ் வாங்கினானாம்.

எட்டாம் தேதி சாயங்காலமே
வண்டி கிருஷ்ணகிரி டோல் தாண்டியது,
திரும்பவேயில்லை.
கண்ணாடியில் ஸ்டிக்கர்.
கிழித்துவிட நினைத்தேன்தான்.
ரொக்கம் என்றால் இரட்டைக் கட்டணம்.
முந்நூற்றுச் சொச்சம் மிச்சம் பிடித்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த பெண் குரலே உயர்த்தவில்லை.
ஒரு தாளை என் பக்கம் திருப்பிவைத்து
தேதியின்மேல் பேனா மூடியால் தட்டினாள்.
அவ்வளவுதான்.

பணம் வரவில்லை. வழக்கு வந்தது.
நானூத்தியிருபது என்று ஊரில் ஆளைத் திட்டுவோமே,
அதை என் பேருக்கு எதிரே அச்சில் பார்த்தேன்.
பரப்பன அக்ரஹாரத்தில் எனக்குப் பதினோரு நாள்.
மச்சான் நிலப்பத்திரம் ஜாமீன் நின்றது.
இஞ்ஞாசிக்கு நிற்க யாரிடமும் நிலமில்லை.
அவன் மேலும் இருபத்துமூன்று நாள் கிடந்தான்.
நான் வெளியே வந்து
சலூனில் தாடி எடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

இப்போது எந்த ஏஜென்டும்
என் பேரைத் தட்டியதும்
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.
இரண்டாவது வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்கிறது,
சக்கரத்தடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது.
லேலண்டின் கடன் மட்டும்
பிரிக்கப்படாமல் முழுசாக ஓடுகிறது.

இஞ்ஞாசிக்குக் குவைத்தில் வேலை தயாராக இருந்தது.
போலீஸ் சர்டிபிகேட் கேட்டார்கள்.
அதை அவன் என்னிடம் சொல்லவில்லை.
கோலார் தங்கவயல்காரர் ஒருவர் சொன்னார்.

இன்று வக்கீல் என்னை ஓரமாக அழைத்தார்:
"அவர் அப்ரூவர் ஆகிவிட்டால்
உள்ளதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.
நீங்க போக முடியாது.
பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்."

பார்த்து வைத்துக்கொள்ள
சட்டைப்பையில் இருபதாயிரம்.
எதிர்க் கடையில் உட்காரவைத்தேன்.
சோற்றைப் பிசைந்து, குனிந்து,
டீசல் மணம் போகாத விரலால்
சாப்பிட்டான்.
"மாரிக்குப்பம் வண்டி ஆறு மணிக்கு மொதலாளி,
விட்டா ராத்திரிதான்."
ஒரு நாள் வாய்தா, ஒரு நாள் கூலி போச்சு.
அதையும் அவன் சொல்லவில்லை.

அந்த ஷெட் மறுபடி நினைவுக்கு வந்தது.
இருபது தடவை.
கை பைக்குள் போனது,
வெறுமனே வெளியே வந்தது.

அடுத்த தேதி பதினேழு.
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
அன்றைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட
நான் நீட்டிய பேனா இல்லை இது,
அதே கம்பெனி.
மறதியாகத் தன் பையில் செருகிக்கொண்டு
பஸ்ஸை நோக்கி ஓடினான்.
நான் கேட்கவில்லை.